இரண்டாம் வருகையும் ஐந்தாண்டுச் சாக்குகளும்

2025 நவம்பரில் 'ஸ்ரோன் ரோஸஸ்' என்ற மன்செஸ்டர் இசைக்குழுவின் பேஸ் கிற்றார் கலைஞர் மானி தமது 63ஆவது வயதில் காலமானார். செய்தியை எனக்குச் சொன்னவன் அந்நகரில் வாழும் என் அக்காவின் மகன். அவனும் நானும் அரசியல் பேசினால் சண்டையில் முடியும் என்பதால் பல ஆண்டுகளாக இசையைப் பற்றியே பேசி வருகிறோம். அன்று அதுவும் சண்டையில் முடிந்தது.

"மாமா, ரெண்டாவது அல்பத்தையும் இனி ஒருக்கால் ஆறுதலாக் கேட்டுப் பாருங்கோ. அது நல்ல அல்பம். கோர்ட் கேஸாலை அஞ்சு வருசம் வீணாப் போச்சு. அதுக்கிடையிலை சனம் மாறிட்டுது. அவையளிலை என்ன பிழை?"

செத்த வீட்டில் நின்று வாதாடக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். ஆகவே அன்று மௌனமாக இருந்தேன். ஆனால் இந்த வாதம் என் மருமகனுடையது மட்டுமன்று. 'செக்கண்ட் கமிங்' என்ற அந்த இரண்டாவது இசைத்தொகுப்பு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பெரும் படைப்பு என்றும், விதியும் வழக்கறிஞர்களும் சேர்ந்து அதைக் கெடுத்தார்கள் என்றும் ஒரு கட்சி நெடுநாளாகவே உண்டு. ஒருவர் மறைந்த சோகத்தின் நிழலில் அந்தக் கட்சிக்கு ஆள் சேருகிறது. அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

இக்குழுவை அறியாத வாசகர்களுக்குச் சில வரிகள். இயன் பிரவுண் பாடகர். ஜோன் ஸ்குவையர் கிற்றார். இருவரும் பாலிய நண்பர்கள். ரெனி ட்ரம்ஸ். 1987இல் கடைசியாக வந்து சேர்ந்தவர் மானி. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களுக்கு வெளியே, சிறு நிறுவனங்கள் வழியாக வளர்ந்த பிரித்தானிய இசையை 'இண்டி' என்பார்கள். அந்த மரபில் வந்தவர்கள் இவர்கள். (இவர்களுடைய சில்வர்ரோன் நிறுவனமே சொம்பா என்ற வலுவான நிறுவனம் ஒன்றின் கிளைதான் என்று சுத்தவாதிகள் ஆட்சேபிப்பர். இருக்கட்டும்.) 1989 மே மாதத்தில், குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு முதல் தொகுப்பு வெளிவந்தது. வெளிவந்தபோது பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள்கூட அது நுழையவில்லை. ஓராண்டின் பின், 1990 மே 27இல், சேஷயரில் இரசாயனத் தொழிற்சாலைகளுக்கு அருகே உள்ள ஸ்பைக் ஐலண்ட் திடலில் ஏறத்தாழ 27,000 பேர் இவர்களைக் கேட்கத் திரண்டனர். 2006இல் என்.எம்.ஈ. சஞ்சிகை இதனையே மிகச் சிறந்த பிரித்தானிய இசைத்தொகுப்பாகத் தெரிவுசெய்தது.

நான் அதை முதலில் கேட்டது 1991இல், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில். இலண்டனிலிருந்து வந்த நண்பன் ஒருவன் வெற்றுக் கசெற் ஒன்றில் பதிவுசெய்து கொண்டுவந்திருந்தான். பாடல்களின் பெயர்கள் அவனுடைய கோழிக் கிறுக்கலில் இருந்தன, பாதி விளங்கவில்லை. முதலாவது பாடல் தொடங்கும் விதத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. தூரத்து இரைச்சல் போல ஏதோ எழுகிறது. அதிலிருந்து மானியின் பேஸ் கிற்றார் நடந்து வருகிறது. அவசரமே இல்லை. அதன்மேல் ஸ்குவையரின் கிற்றார் துளித்துளியாக விழுகிறது. பிறகு ரெனியின் ட்ரம்ஸ். கடைசியாகத்தான் பாடகர். நான்கு பேர் ஒருவர்பின் ஒருவராக அறைக்குள் நுழைந்து அவரவர் இடத்தில் அமர்வதைக் கண்ணால் கண்டது போன்றிருந்தது.

அந்தத் தொகுப்பின் பதினொரு பாடல்களிலும் இந்த நால்வரில் எவரும் மற்றவரை மறைக்கவில்லை. பிரவுணின் குரல் பெரிய குரலன்று. ஏறக்குறைய பேச்சுக் குரல்தான். அதன் கீழே ரெனி பாடும் துணைக்குரல்தான் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. 'வோட்டர்போல்' என்ற பாடலின் ஒலிநாடாவைப் பின்னிருந்து முன்னாக ஓடவிட்டு, அதன்மேல் புதிதாகப் பாடி 'டோண்ட் ஸ்ரொப்' என்று இன்னொரு பாடலை ஆக்கினார்கள். விளையாட்டுப் போலத் தோன்றும் இக்காரியத்தைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 'பை பை பாட்மான்' 1968இன் பாரிஸ் மாணவர் கிளர்ச்சியைப் பற்றியது. கண்ணீர்ப்புகையைத் தாங்குவதற்கு அம்மாணவர்கள் எலுமிச்சைத் துண்டுகளை வைத்திருந்தார்கள் என்ற கதையைக் கேட்டு, ஸ்குவையர் தாமே வரைந்த அட்டைப்படத்தில் எலுமிச்சைத் துண்டுகளைப் பதித்தார். கண்ணீர்ப்புகையை அறிந்த எங்கள் பல்கலைக்கழகத் தலைமுறைக்கு அந்த எலுமிச்சைத் துண்டுகள் உடனே விளங்கின. இறுதிப் பாடல் 'ஐ ஆம் த ரெசரெக்‌ஷன்'. எட்டு நிமிடத்துக்கும் மேற்பட்டது. அதன் பின்பாதியில் சொற்களே இல்லை. மூன்று வாத்தியங்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. எவர் முன்னே, எவர் பின்னே என்று சொல்ல முடியாது.

உயிர்த்தெழுதலோடு முதல் தொகுப்பை முடித்தவர்கள், அடுத்ததற்கு 'இரண்டாம் வருகை' என்று பெயரிட்டார்கள். 1994 டிசம்பர் 5இல் வந்தது. முதலாவதற்கும் இதற்கும் இடையே ஐந்தரை ஆண்டுகள். பட்டியலில் நான்காம் இடம் வரை சென்றது. முன்னோடியாக வந்த 'லவ் ஸ்பிரெட்ஸ்' இரண்டாம் இடத்தைத் தொட்டது. விற்பனையை வைத்து இதைத் தோல்வி என்று எவரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. நான் சொல்வது ஒலியைப் பற்றி.

முதல் பாடலான 'பிரேக்கிங் இன்ரு ஹெவின்' தொடங்கி நான்கு நிமிடத்துக்கும் மேலாக நீரோட்டச் சத்தம், காட்டுச் சத்தம், இடையிடையே ஒரு கிற்றார்ச் சிணுங்கல். ஐந்தரை ஆண்டு காத்திருந்தவனை இன்னும் நான்கு நிமிடம் வாசலில் நிறுத்திவைக்கிறார்கள். பாட்டு தொடங்கிய பின்னும் நம் காதில் விழுவது ஒரே ஒரு மனிதர்: ஸ்குவையர். லெட் செப்பலின் பாணியில் கனத்த கிற்றார், அதன்மேல் இன்னொரு கிற்றார், அதற்கும் மேல் ஒரு தனியாவர்த்தனம். மானியும் ரெனியும் வாசிக்கிறார்கள், நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆனால் பந்தல்காரர் பந்தலைப் போட்டுவிட்டு ஓரமாக நிற்பது போல நிற்கிறார்கள். ரெனியின் துணைக்குரலை நான் தேடித்தேடிக் களைத்தேன். முதல் தொகுப்பின் பாடல்களில் பிரவுண், ஸ்குவையர் இருவரின் பெயரும் சேர்ந்திருந்தது. இரண்டாவதில் பெரும்பாலான பாடல்கள் ஸ்குவையரின் பெயரில் மட்டும் உள்ளன. அட்டையின் பின்புறத்தைப் படித்தாலே போதும், உள்ளே என்ன நடந்தது என்பது தெரிந்துவிடும்.

போதாக்குறைக்கு, பன்னிரண்டு பாடல்களும் முடிந்த பிறகு, குறுந்தட்டில் ஒன்றும் இல்லாத சிறு இடைவெளிகளை அடுக்கடுக்காக வைத்து, 90ஆவது இலக்கத்தில் ஒரு விளையாட்டு இரைச்சலை ஒளித்து வைத்திருந்தார்கள். 1989இல் ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டவர்களின் விளையாட்டு ஒரு பாடலைத் தந்தது. இந்த விளையாட்டு என்ன தந்தது?

இனி, அந்த நீதிமன்றம்.

வழக்கு நடந்தது உண்மை. சில்வர்ரோன் நிறுவனத்தோடு இவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் அநியாயமானது என்பதும் உண்மை. வேறு நிறுவனத்துக்குப் போகவிடாமல் 1990இன் பிற்பகுதியில் அந்நிறுவனம் தடையுத்தரவு பெற்றது. 1991 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமானது, செல்லாது என்று நீதிபதி கூறினார். குழு வென்றது. உடனேயே அமெரிக்க நிறுவனமான கெஃபன் பெருந்தொகை கொடுத்து இவர்களைச் சேர்த்துக்கொண்டது. சில்வர்ரோன் மேன்முறையீட்டுக்குப் போனதால் மேலும் ஓராண்டு இழுபட்டது.

சரி, கணக்கைப் பார்ப்போம். தடையுத்தரவுக் காலத்தையும் மேன்முறையீட்டுக் காலத்தையும் முழுமையாகக் கழித்துவிடுவோம். 1992இன் நடுப்பகுதிக்கு வருகிறோம். தொகுப்பு வந்ததோ 1994 டிசம்பரில். மிச்சமுள்ள இரண்டரை ஆண்டுகளை எந்த நீதிபதி எடுத்துக்கொண்டார்? மேலும், நீதிமன்றம் தடுத்தது இசைத்தட்டு வெளியிடுவதைத்தான். ஒரு வீட்டின் பின்னறையில் நால்வர் கூடி வாசிப்பதை எந்தத் தடையுத்தரவும் தடுக்காது. வெளியிட முடியாத காலம் என்பது எழுதுவதற்கு மிகவும் நல்ல காலம். தணிக்கைக் காலத்தில் பத்திரிகையில் இருந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள். அச்சேறாது என்று தெரிந்தும் எழுதிய கட்டுரைகள் எங்கள் மேசை லாச்சிகளில் எத்தனை கிடந்தன!

இரண்டாவது சாக்கு இன்னும் பழையது. முதல் தொகுப்பை எழுத ஒருவனுக்கு அவனுடைய வாழ்நாள் முழுவதும் கிடைக்கிறது, இரண்டாவதற்கு ஓர் ஆண்டுதான் கிடைக்கிறது, ஆகவே இரண்டாவது சறுக்குவது இயற்கை என்பது அது. அவசரப்படுத்தப்பட்ட எத்தனையோ குழுக்களுக்கு இது பொருந்தும். இவர்களுக்குப் பொருந்துமா? குழு தொடங்கியது 1983இல். முதல் தொகுப்பு 1989இல். இடையே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். இரண்டாவதற்கு எடுத்தது ஐந்தரை ஆண்டுகள். ஏறக்குறைய அதே காலம்! யாரும் இவர்களை விரட்டவில்லை.

இந்த 'இயற்கை விதி'யை இவர்களுடைய சொந்த ஊரே பொய்யாக்கியிருக்கிறது. ஜோய் டிவிஷன் குழுவின் முதல் தொகுப்பு 1979 ஜூனில் வந்தது, இரண்டாவது 1980 ஜூலையில். பாடகர் இயன் கேர்ட்டிஸ் அதற்கு முன் மே மாதத்திலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டுவிட்டார். அப்படி ஒரு துயரத்தின் விளிம்பில், பதின்மூன்று மாத இடைவெளியில் வந்த 'குளோசர்' முதலாவதைவிட ஒரு படி மேலானது என்பது என் எண்ணம். இல்லை, சமமானது என்பவர்களும் உண்டு. தாழ்ந்தது என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'த ஸ்மித்ஸ்' குழு 1984 பெப்ரவரியில் முதலாவதையும் 1985 பெப்ரவரியில் இரண்டாவதையும் வெளியிட்டது. சரியாக ஓர் ஆண்டு. அந்த இரண்டாவது, பட்டியலில் முதலிடத்துக்குச் சென்றது. இவையெல்லாம் அதே நகரம், அதே மழை, அதே வேலையில்லாத் திண்டாட்டம்.

இன்னும் ஒன்றைச் சொன்னால் சாக்குக் கட்சியினர் கோபிப்பார்கள். முதல் தொகுப்பின் தயாரிப்பாளர் ஜோன் லெக்கி. இரண்டாவதற்கும் அவரைத்தான் அழைத்தார்கள். வேலை இழுபட்டு இழுபட்டு, இடைநடுவில் அவர் விலகிக்கொண்டார். விலகியவர் சும்மா இருக்கவில்லை. 1994இல் வேறோர் இளம் குழுவின் இரண்டாவது தொகுப்பைத் தயாரித்தார். அந்தக் குழு ரேடியோஹெட். தொகுப்பு 'த பெண்ட்ஸ்'. 1995 மார்ச்சில் வெளிவந்தது. அவர்களுடைய சாதாரணமான முதல் தொகுப்பை அது எங்கோ பின்னே விட்டுச் சென்றது. அதே தயாரிப்பாளர், ஏறக்குறைய அதே காலம், அதே 'இரண்டாவது' என்ற சாபம். ஒரு குழு ஏறியது, மற்றது சறுக்கியது.

அப்படியானால் என்னதான் நடந்தது? என் பதில் எளியது. அவர்கள் மக்கள் முன்னால் வாசிப்பதை நிறுத்தினார்கள்.

1990 ஜூன் 9இல் கிளாஸ்கோவில் ஒரு கூடாரத்தில் வாசித்தார்கள். அதன்பின் 1995 ஏப்ரல் வரை ஒரு மேடையிலும் ஏறவில்லை. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள்! முதல் தொகுப்பின் பாடல்கள் பலவும் சிறு மண்டபங்களில், வியர்வை நாற்றமடிக்கும் கிளப்புகளில், ஆண்டுக்கணக்கில் அடிபட்டுத் தேறியவை. எந்த இடத்தில் சனம் அசைகிறது, எந்த இடத்தில் குடிக்கப் போகிறது என்பதை அந்நால்வரும் கண்ணெதிரே பார்த்தார்கள். அலுப்பூட்டிய பகுதி தானாகவே கழன்று விழுந்தது. இரண்டாவது தொகுப்பின் பாடல்களை, அவை தட்டில் பதியும்வரை, ஒரு மண்டபமும் கேட்கவில்லை. வேல்ஸின் நாட்டுப்புறத்தில் ரொக்ஃபீல்ட் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தில் மாதக்கணக்காக அடைந்து கிடந்தார்கள். கதவுக்கு வெளியே காத்திருப்பவன் இல்லை. செலவுக்குப் பணம் இருந்தது. காலக்கெடு என்று ஒன்று இருக்கவேயில்லை. அந்த நான்கு நிமிட நீரோட்டச் சத்தத்தை மேடையில் வாசித்திருந்தால் இரண்டாவது இரவே வெட்டியிருப்பார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் வேலை செய்தவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்வேன். இரவு பதினொரு மணிக்கு அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து மேசைக்கு முன்னால் நிற்பான். அவன் முகத்தைப் பார்த்ததும் தேவையற்ற பந்தி எது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அவன் வராத நாளில் நீங்கள் எழுதும் கட்டுரை நீண்டுகொண்டே போகும்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. இருபத்தேழாவது வயதில் ஒரு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டேன். இருநூறு பிரதிகளே விற்றாலும் நாலு பேர் நல்ல வார்த்தை சொன்னார்கள். இரண்டாவது தொகுப்பு எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பல ஆண்டுகளாக ஒரே பதிலைச் சொன்னேன்: யுத்தம். இடப்பெயர்வு, மின்சாரமில்லாத இரவுகள், சோதனைச் சாவடிகள். எல்லாம் உண்மை. ஆனால் என்னைவிடப் பன்மடங்கு துன்பப்பட்டவர்கள் அதே ஆண்டுகளில் மண்ணெண்ணெய் விளக்கில் எழுதினார்கள். நான் எழுதாததற்குக் காரணம், அந்த நாலு பேரின் நல்ல வார்த்தையை இழக்கப் பயந்தது. யுத்தம் முடிந்த பிறகும் நான் எழுதவில்லை என்பதே அதற்குச் சாட்சி. ஆகவே, வெளியிலிருந்து வந்த உண்மையான ஒரு துன்பத்தை உள்ளே இருக்கும் வெறுமைக்குத் திரையாகப் பிடிப்பது எப்படி என்பதை நான் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. ஸ்ரோன் ரோஸஸ் குழுவினர் இந்தச் சாக்கை எவ்வளவு தூரம் தாமே நம்பினார்கள் என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. இரசிகர்கள் நம்புகிறார்கள். அதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 'ரென் ஸ்ரோரி லவ் சோங்' முதல் தொகுப்பில் இருந்திருந்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லாத பாடல். 'பெகிங் யூ'வில் சுழன்று சுழன்று வரும் தாளம் இன்றும் மயிர்க்கூச்செறிய வைக்கிறது. 'ஃபூல்ஸ் கோல்ட்' திறந்துவிட்ட பாதையில் அவர்கள் தொடர்ந்து நடந்திருந்தால் எங்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்பதற்கு அது ஒன்றே தடயம். நால்வரின் பெயரும் சேர்ந்திருக்கும் 'டேபிரேக்'கில் மானியும் ரெனியும் அவிழ்த்து விடப்பட்ட கன்றுகளைப் போல ஓடுகிறார்கள். தொகுப்பு வந்தபோது, செல்வாக்குள்ள இசைச் சஞ்சிகைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வீடற்றவர்கள் தெருவில் விற்கும் 'பிக் இஷ்யூ'வுக்குத்தான் முதல் பேட்டியைக் கொடுத்தார்கள் என்பதற்காகவும் அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நல்ல மனசு தொகுப்பை நல்லதாக்கிவிடாது.

'சனம் மாறிவிட்டது' என்கிறான் மருமகன். மாறியது உண்மையா? 1994 ஓகஸ்டில் ஓயாசிஸ் குழுவின் முதல் தொகுப்பு வந்தது. மன்செஸ்டர்ப் பையன்கள். ஸ்ரோன் ரோஸஸைக் கேட்டே தாங்கள் இசைக்கு வந்ததாக வெளிப்படையாகச் சொன்னவர்கள். அந்தத் தொகுப்பு நேரே முதலிடத்துக்குப் போனது. அதாவது 1989இன் அந்தத் துணிச்சலான, இலேசான, தெருவோர மிடுக்குக்குப் பிரித்தானிய இளைஞர்கள் ஏங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தொகுப்பு வந்து நான்கு மாதம் ஆகுமுன், 1995 மார்ச்சில், ரெனி விலகினார். ஓரமாக நிறுத்தப்பட்ட பந்தல்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஆண்டு கிளாஸ்டன்பெரி விழாவில் தலைமை நிகழ்ச்சி இவர்களுடையது. ஸ்குவையர் சைக்கிளிலிருந்து விழுந்து காறையெலும்பை முறித்துக்கொள்ள, அந்த இடம் பல்ப் குழுவுக்குப் போனது. 1996 ஏப்ரலில் ஸ்குவையரும் போனார். ஓகஸ்டில் ரெடிங் விழாவில் எஞ்சியவர்கள் மேடையேறி அவமானப்பட்டார்கள். ஒக்டோபரில் குழு கலைந்தது. இந்த உடைவை எந்த நிறுவனமும் செய்யவில்லை. அந்தப் பன்னிரண்டு பாடல்களிலேயே அது கேட்கிறது. காது கொடுத்துக் கேட்பவர்களுக்கு.

இதையெல்லாம் மறைத்து, 'பெரும் படைப்பு, உலகம் புரிந்துகொள்ளவில்லை' என்று சொல்வது மானிக்குச் செய்யும் மரியாதையா? முதல் தொகுப்பின் முதற் பாடலில் முதலில் நடந்து வந்தவர் அவர். அவருடைய விரல்களை இரண்டாவது தொகுப்பில் கிற்றார்ச் சுவர்களுக்குக் கீழே புதைத்தார்கள். அந்தத் தொகுப்பைப் போற்றி அவருக்கு அஞ்சலி செலுத்துபவர்கள் யாரைப் போற்றுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மானியின் அந்தியேட்டிக் கணக்கு எங்கள் முறைப்படி கழிந்த பிறகு, மருமகனை நானே அழைத்தேன். 2011இல் நால்வரும் மீண்டும் சேர்ந்து, 2012 ஜூன் கடைசியில் மன்செஸ்டரின் ஹீற்றன் பூங்காவில் மூன்று இரவுகள் வாசித்தபோது அவன் ஓர் இரவு போயிருந்தான். மழையில் நனைந்து, சேற்றில் ஒரு சப்பாத்தைத் தொலைத்துவிட்டு வந்த கதையை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறான். அன்று முதல் தொகுப்பிலிருந்து எத்தனை பாடல் பாடினார்கள் என்று கேட்டேன்.

"எல்லாந்தான் மாமா. ஒண்டும் விடேல்லை."

இரண்டாவதிலிருந்து?

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. விரல் விட்டு எண்ணுகிறான் போலும்.

"ரெண்டு இருக்கும்," என்றான்.